பதினோராம் துளை

மாவுனில் அக்டோபர் மாதம்
தகரக் கூரைக்குக் கீழே கிடக்கும் ஸ்பேனரைத்
துணி சுற்றித்தான் எடுக்க முடியும்.
அதனால் ஐந்து மணிக்கே வந்துவிடுகிறோம்
நானும் கெலெட்சோவும்.
எங்களுக்கு முன்பே விழித்ததுபோல
ஜாக்கிகளின் மேல் நிற்கிறது
நாற்பத்து மூன்று வயது இரட்டை எஞ்சின்.

இருக்கைகளைக் கழற்றினோம்.
கம்பளத்தடியில்
ஒரு குழந்தையின் பால்பல்,
இரண்டு புலா நாணயம் ஒன்று,
யாரோ காதில் அடைத்திருந்த பஞ்சு.
தரைத் தகடுகளையும் திறந்த பிறகே
தெரிகிறது ஸ்பார்:
இந்த இறக்கையிலிருந்து அந்த இறக்கைவரை
யாருக்கும் முகம் காட்டாமல் ஓடுகிற உத்தரம்.

பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையும்.
ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் அதைப் பார்ப்பதில்லை,
கீழே யானை பார்ப்பார்கள்.
வளையும்போது அடிப்பக்கம் இழுபடும்.
இறங்கியதும் தளரும்.
மறுபடி இழுபடும்.
ஒரு தகரத் துண்டை
இப்படியும் அப்படியும் மடக்கியே
கத்தரி இல்லாமல் பிய்த்திருக்கிறீர்களா?
அவ்வளவுதான் விஷயம்.
எத்தனையாவது மடக்கில் என்பதுதான்
எங்கள் படிப்பு மொத்தமும்.

லாக்புக்கில் பதினாறாயிரத்துச் சொச்சம் மணி.
மணி இருக்கிறது;
எப்படிப்பட்ட மணி என்று இல்லை.
எங்களிடம் வருமுன் எட்டு வருடம்
வைரம் தேடுகிறவர்களுக்காகக்
கலஹாரியின் மேல், முள்மர உச்சி உரசும் உயரத்தில்,
வெக்கை எற்றி எற்றித் தள்ளத் தள்ள
கோடு கோடாக உழுதிருக்கிறது.
உயரே வழுக்கிக்கொண்டு போன மணியும்
தாழே உதைபட்ட மணியும்
ஒரே பேனாவில், ஒரே கட்டத்தில்.

போல்ட்டைத் தட்டி எடுத்துத்
துளைக்குள் பென்சில் தடிமன் முனையை விட்டுச் சுழற்றுகிறேன்.
உலோகத்துக்குள் மின்சாரம் சின்னச் சுழிகளாய் ஓடும்.
விரிசல் குறுக்கே வந்தால் சுழி தடுமாறும்,
திரையில் புள்ளி துள்ளும்.
முதல் துளை சும்மா இருந்தது.
பத்தாவது வரை சும்மா.
கெலெட்சோ நேற்றைய கால்பந்தைப் பற்றி
ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.
பதினொன்றில் புள்ளி எழுந்து
எட்டுப் போட்டது.
துளையைத் துடைத்து மறுபடி விட்டேன்.
எட்டு.
முனையை மாற்றி.
எட்டு.

மூன்று மில்லிமீட்டர் இருக்கும்.
மயிரிழையில் உயிர் தப்பியது என்பார்கள்.
அந்த மயிரிழை எவ்வளவு நீளம்,
எந்தப் பக்கமாக வளரும்
என்பது எனக்குத் தெரியும்.

போன வருடத் தாளை எடுத்தேன்.
பதினோராம் துளை: குறையில்லை.
கீழே ஓ. ராமொகடி,
என் பெயர், என் சாய்வெழுத்து.
அன்றும் புள்ளி லேசாக அசைந்தது.
நினைவிருக்கிறது.
விளிம்பின் சலசலப்பு என்று விட்டேன்.
இருட்டிக்கொண்டு வந்தது, வீட்டில் மகளுக்குக் காய்ச்சல்.
அதன் பின் நானூற்று எழுபது மணி நேரம்
என் கையெழுத்தின் மேல் ஆட்கள் பறந்திருக்கிறார்கள்.
அந்தப் பால்பல்லும்.

பத்து மணிக்கு முதலாளி பெஸ்டர் வந்தார்.
நாளைக்கு ஆறு ஜெர்மானியர்கள், நான்கு பெட்டி ஒயின்,
முகாமில் எல்லாம் தயார்.
குனிந்து பார்த்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.
‘ஒன்றுதானே?’ என்றார்.
‘ஒன்றுதான்’ என்றேன்.
கொஞ்ச நேரம் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்துவிட்டு
போன் பேச வெளியே போனார்.

இரண்டு காகிதம் எழுதினேன்.
ஒன்று விமானத்தைப் பற்றி, ஐந்தே வரி.
மற்றது போன வருடப் புள்ளியைப் பற்றி.
அதில் ‘நான்’ என்று தொடங்கவே
ஒரு டீ ஆறிப்போனது.

மீதித் துளைகளையும் பார்க்க வேண்டுமா என்றான் கெலெட்சோ,
எப்படியும் பறக்காதே என்று.
அதற்குள் கூரை சூடேறி
படபடவென்று வெடிக்கத் தொடங்கியிருந்தது.
துணியைச் சுற்றி
ஸ்பேனரை எடுத்தேன்.